வெளி ஆலோசகர் வந்தால் கோல் விழுமா?

கால்பந்து கிளப் ஒன்று தொடர்ந்து தோற்கும்போது நிர்வாகத்தின் முன் மூன்று வழிகள் இருக்கும். ஆட்டக்காரர்களை மாற்றலாம்; பயிற்சியாளரை மாற்றலாம்; இருவரையும் வைத்துக்கொண்டே, வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து அணியைப் பார்க்கச் சொல்லலாம். முதல் இரண்டும் காலங்காலமாக நடப்பவை. மூன்றாவது வழி கடந்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பாவில் வேரூன்றியது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கிய பிறகு இந்தியாவிலும் பரவியது.

ஆலோசகர் வேறு, பயிற்சியாளர் வேறு. பதினோரு பேரைத் தேர்ந்தெடுப்பதும், தோற்றால் பதில் சொல்வதும் பயிற்சியாளரின் பொறுப்பு. ஆலோசகருக்கு அந்தச் சுமை கிடையாது. ஏதேனும் ஒரு விஷயத்தில் மட்டும் யோசனை சொல்வார். ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். இவர்களில் பல வகை உண்டு. புள்ளிவிவரங்களை அலசி, யாரை வாங்கலாம், யாரை விடலாம் என்று சொல்பவர்கள் ஒரு வகை. கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ-இன் ஆகியவற்றுக்கு மட்டும் பயிற்சி தருபவர்கள் இன்னொரு வகை. மனப்பயிற்சி தருபவர்கள், உணவையும் உடல்தகுதியையும் கவனிப்பவர்கள், கிளப்பின் நிர்வாகத்தையே ஆராய்ந்து அறிக்கை தருபவர்கள் என்று பட்டியல் நீளும். வெளிநாட்டு கிளப் ஒன்றே பங்குதாரராக வந்து, இவை எல்லாவற்றையும் மொத்தமாகத் தருவதாகச் சொல்வதும் உண்டு.

இந்தச் செலவு வீணா, பயனுள்ளதா என்பது விருதுநகர் மாவட்டத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி அல்ல. தேசிய அளவில் பட்டம் வென்ற ஒரு கால்பந்து கிளப் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்கள்

காரியாபட்டி வட்டம் புல்லூரில் சேது இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்ற பொறியியல் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்விக் குழுமத்திலிருந்து உருவானதுதான் சேது எஃப்.சி. மகளிர் அணி. 2017–18 பருவத்தில் இந்திய மகளிர் லீகில் நுழைந்த இந்த அணி, 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த லீகை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப் இதுதான்.

அதற்கு இரண்டரை மாதம் முன்பு, மார்ச் 9 அன்று, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. அணி மினர்வா பஞ்சாபை 3–1 என்று தோற்கடித்து ஆண்களுக்கான ஐ-லீகை வென்றிருந்தது. 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது அந்த அணி. ஆக, 2019-ல் ஐ-லீக் பட்டமும் மகளிர் லீக் பட்டமும் தமிழ்நாட்டுக்கே வந்தன.

இரண்டு அணிகளும் வெளியாரின் திறமையைப் பயன்படுத்தின. சென்னை சிட்டியின் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி உள்பட நான்கு பேர் ஸ்பெயின் கால்பந்திலிருந்து வந்தவர்கள். சேது எஃப்.சி. தன் முதல் பருவத்திலேயே வங்கதேசத்தின் சபினா கதூன், கிருஷ்ணா ராணி சர்க்கார் ஆகியோரை அழைத்துவந்தது. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் போன்ற தமிழ்நாட்டு வீராங்கனைகள் அவர்களைப் போன்ற அனுபவசாலிகளோடு பழகி ஆடும் வாய்ப்பைப் பெற்றார்கள். இந்த வெளியார் யாரும் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அல்லர்; அணியோடு தங்கி, தினமும் மைதானத்தில் இறங்கியவர்கள்.

பாசலிலிருந்து வந்த பங்குதாரர்

பட்டம் வென்ற பிறகு இரண்டு கிளப்புகளின் வழியும் பிரிந்தது. 2019 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல், சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பாவின் பயிற்சி முறை, இளையோர் அகாடமி, வெளியுலகத் தொடர்பு எல்லாம் இந்த ஒப்பந்தத்தால் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், பட்டம் வென்ற அணி அதற்குள் கலையத் தொடங்கியிருந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த நால்வரில் ஒருவரான நெஸ்டர் கோர்டியோ ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனார். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். மார்ச்சில் கொரோனா லீகையே நிறுத்தியது. பாசலிலும் உரிமையாளர் பிரச்சினை முற்றி, 2021-ல் கிளப் கைமாறியது. 2020–21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீகில் சென்னை சிட்டி ஆடவில்லை.

இந்த வீழ்ச்சிக்குப் பாசல்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. கோல் அடிப்பவர்களைத் தக்கவைக்க முடியாத கிளப்புக்கு, எவ்வளவு பெரிய பங்குதாரர் வந்தாலும் அடுத்த வாரத்து ஆட்டத்தில் உதவ முடியாது. பங்குதாரரின் வீட்டில் குழப்பம் என்றால் அதுவும் இங்கே வந்து சேரும்.

மற்ற இந்திய நகரங்களின் அனுபவமும் கலவையானது. கொல்கத்தாவுடன் அட்லெட்டிகோ மாட்ரிட் சேர்ந்திருந்த காலத்தில் அந்த அணி 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் ஐ.எஸ்.எல். பட்டத்தை வென்றது, 2017-ல் உறவு முடிந்தது. இத்தாலியின் ஃபியோரன்டினாவோடு தொடங்கிய எஃப்.சி. புனே சிட்டி 2019-ல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனமான சிட்டி ஃபுட்பால் குரூப், மும்பை சிட்டியில் 65 சதவீதப் பங்கை வாங்கியது. அடுத்த பருவமான 2020–21-ல் மும்பை, லீக் ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. ஐ.எஸ்.எல்.-இன் எதிர்காலமே கேள்விக்குறியானபோது, 2025 இறுதியில் அந்த நிறுவனமும் விலகியது. மும்பையில் நடந்தது வெறும் ஆலோசனை அல்ல. பணமும் முடிவெடுக்கும் அதிகாரமும் கூடவே வந்தன. புத்திமதி மட்டும் வந்த இடங்களில் அத்தகைய மாற்றம் அரிது.

சிறிய கேள்வி, தெளிவான விடை

வெளி நிபுணர்கள் பலன் தந்த இடங்களைக் கவனித்தால், அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை மிகக் குறுகியதாக இருந்தது தெரியும். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் 2018-ல் டென்மார்க்கின் தாமஸ் க்ரோனமார்க்கை அழைத்தது. அவருடைய வேலை த்ரோ-இன் ஒன்றுதான். ஓர் ஆட்டத்தில் 40 முதல் 60 த்ரோ-இன் வரை நடக்கும் என்பது அவர் கணக்கு. ஆனாலும் அதற்கென்று தனிப் பயிற்சி தரும் கிளப்புகள் அரிது. எதிரணி நெருக்கும்போது எறியும் த்ரோ-இன்னில் பந்தைத் தக்கவைக்கும் விகிதம், அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் லிவர்பூலுக்கு 45.4 சதவீதமாக இருந்தது. அடுத்த பருவத்தில் 68.4 சதவீதமாக உயர்ந்தது. அவர் முழுநேர ஊழியர் அல்லர். ஆண்டில் சில தடவை வந்து பயிற்சி தந்துவிட்டுப் போவார். 2023 வரை இந்த ஏற்பாடு தொடர்ந்தது.

அதே கிளப், பெனால்டிக்காக நியூரோ11 என்ற ஜெர்மன் நிறுவனத்தை அமர்த்தியது. பந்தை உதைக்கும் நேரத்தில் மூளையின் நிலையை அளந்து, பதற்றம் குறைந்த நிலையைப் பழக்கப்படுத்துவது அவர்களின் முறை. 2022-ல் லிவர்பூல் இரண்டு இறுதி ஆட்டங்களில் செல்சியைப் பெனால்டியில் வென்றது: லீக் கோப்பையில் 11–10, எஃப்.ஏ. கோப்பையில் 6–5. இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. ஆனாலும் கேட்கப்பட்ட கேள்வி தெளிவாக இருந்தது. விடையை அளக்கவும் முடிந்தது.

மனப்பயிற்சியில் இந்தியர்களுக்கு அறிமுகமான பெயர் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்தவர். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற ஹாக்கி அணியோடும் பணியாற்றியவர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சதுரங்க சாம்பியனான சென்னையின் குகேஷும் அவரிடம் பயிற்சி பெற்றவர். அப்டன் யாருக்கும் கிரிக்கெட்டோ ஹாக்கியோ சதுரங்கமோ கற்றுத்தரவில்லை. ஆட்டத்தைக் கற்றுத்தரும் ஆட்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களிடம் இல்லாத ஒன்றை மட்டும் அவர் கொண்டுவந்தார்.

புள்ளிவிவரத் துறையில் இயன் கிரஹாமின் பாதை கவனிக்கத்தக்கது. லண்டனில் ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபடி, டாட்டன்ஹாம் கிளப்புக்கு வெளி ஆலோசகராக அவர் வேலை செய்தார். 2012-ல் லிவர்பூல் அவரைத் தன் ஊழியராகவே எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சிப் பிரிவையே அவர் கையில் கொடுத்தது. அந்தப் பிரிவின் கணக்குகளையும் கேட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்த லிவர்பூல், 2019-ல் சாம்பியன்ஸ் லீகையும் 2020-ல் பிரீமியர் லீகையும் வென்றது. வெளியில் இருந்து யோசனை சொல்வதும், உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு முடிவிலும் பங்கெடுப்பதும் ஒன்றல்ல.

வெற்றி யாருடைய கணக்கில்?

ஆலோசகர்களை மதிப்பிடுவதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அணி மிக மோசமாக ஆடும் நேரத்தில்தான் அவர்கள் அழைக்கப்படுகிறார்கள். மோசமான கட்டம் எப்படியும் ஒரு நாள் முடியும். யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அணி தன் வழக்கமான நிலைக்குத் திரும்பும். அப்போது அருகில் இருப்பவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

நெதர்லாந்தின் பொருளியல் அறிஞர் பாஸ் டெர் வீல் இதைப் பயிற்சியாளர்கள் விஷயத்தில் சோதித்தார். 1986 முதல் 2004 வரை அந்நாட்டு முதல்நிலை லீகில் நடந்த பயிற்சியாளர் மாற்றங்களை எடுத்துக்கொண்டார். அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளோடு அவற்றை ஒப்பிட்டார். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டெழுந்தன. பயிற்சியாளருக்கே இப்படி என்றால், ஓரிரு வாரம் வந்துபோகும் ஆலோசகரின் பங்கைக் கணிப்பது இன்னும் கடினம்.

விதிவிலக்குகளும் கண்முன் உண்டு. 2019 இறுதியில் ஐ.எஸ்.எல். பட்டியலின் அடிப்பகுதியில் தடுமாறிய சென்னையின் எஃப்.சி., பயிற்சியாளர் ஜான் கிரிகரிக்குப் பதிலாக ஓவன் காயிலைக் கொண்டுவந்தது. அணியில் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஆனாலும் 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை வந்து, ஏ.டி.கே.யிடம் 1–3 என்று தோற்றது. புதிய கண்ணுக்குப் பழைய அணியில் வேறு சாத்தியங்கள் தெரியலாம் என்பதற்கு இது நல்ல சான்று. அந்தப் புதியவரிடம் அணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கணக்கை எங்கே எழுதுவது என்ற குழப்பத்துக்கு இந்திய தேசிய அணியே ஓர் உதாரணம் தந்தது. 2022 ஜூனில் கொல்கத்தாவில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தது. அணிக்கு ஊக்கம் தருவதற்காக ஒரு ஜோதிட நிறுவனத்துக்கு 16 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டதாகச் செய்தி வெளியானது. அந்தச் சுற்றில் இந்தியா கம்போடியாவை 2–0, ஆப்கானிஸ்தானை 2–1, ஹாங்காங்கை 4–0 என்று வரிசையாக வென்று தகுதியும் பெற்றது. முடிவை மட்டும் பார்த்தால் அந்த 16 லட்சமும் நல்ல முதலீடு என்றாகிவிடும். ஜோதிடருக்குப் பொருந்தும் இந்தத் தர்க்கம், கோட்டு சூட்டு போட்டு வரும் நிபுணருக்கும் பொருந்தும். வந்தார், வென்றோம் என்பது மட்டும் ஆதாரமாகாது. எதை மாற்றச் சொன்னார், அது மாறியதா, மாறியதை அளக்க முடிந்ததா என்பவைதான் ஆதாரம்.

ஆலோசகர் கைக்கு எட்டாதவை

கிளப்பின் செயல்பாட்டைத் தீர்மானிக்கும் பல விஷயங்கள் எந்த ஆலோசகரின் கைக்கும் எட்டாதவை. மகளிர் கால்பந்தில் இது கூடுதலாகவே தெரியும். இந்திய மகளிர் லீகின் தொடக்க ஆண்டுகளில் இறுதிச் சுற்று முழுவதும் ஒரே ஊரில் சில வாரங்களில் நடந்து முடிந்துவிடும். 2022-ல்கூட எல்லா அணிகளும் புவனேஸ்வரத்தில் கூடித்தான் ஆடின. இரண்டு நாள், மூன்று நாள் இடைவெளியில் அடுத்தடுத்து ஆட்டம் என்றால், நுணுக்கமான திட்டத்தைவிடக் களைப்பைத் தாங்குவதே பெரிய வேலை. சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023–24-ல்தான் வந்தது.

மைதானத்தின் தரம், சம்பளம் நாள் தவறாமல் கிடைப்பது, காயம்பட்டால் உடனே பார்க்க பிசியோ இருப்பது, கரிசல் பூமியின் கோடை வெயிலுக்கு ஏற்ப பயிற்சி நேரத்தை வைத்துக்கொள்வது ஆகியவையும் நிர்வாகம் தானே செய்ய வேண்டியவை. இவை சரியில்லாத கிளப்புக்கு வரும் ஆலோசகர், நிர்வாகத்துக்கு முன்பே தெரிந்ததை அழகான அறிக்கையாக எழுதிக் கொடுப்பார், வேறொன்றும் நடக்காது.

வெளியறிவு எல்லாமே விலைக்கு வருவதும் இல்லை. பெண் ஆட்டக்காரர்களுக்கு முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். இதைக் குறைக்க 'ஃபிஃபா 11+' என்ற இருபது நிமிட முன்பயிற்சி உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமிகளிடம் நடத்தி 2008-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இந்தப் பயிற்சி இலவசம். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பயிற்சிக்கு முன் தவறாமல் இதைச் செய்யவைக்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

சிவகாசி கற்ற விதம்

வெளியறிவை உள்ளூரில் நிலைக்கவைப்பது எப்படி என்பதில் விருதுநகர் மாவட்டத்துக்கு நூறாண்டு அனுபவம் உண்டு. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றார்கள். திரும்பிவந்து ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார்கள். ஆலோசகரை வரவழைப்பதற்குப் பதில், உள்ளூர் ஆட்களே வெளியே போய்க் கற்றுவந்த கதை இது. கற்றவர்கள் ஊரிலேயே தங்கியதால் அறிவும் தங்கியது. தீப்பெட்டியிலிருந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் கிளைத்தன.

எதிர்த்திசைப் பயணமும் இங்கே நடந்திருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தபோது, மாசு குறைந்த மருந்துக் கலவைக்கான சூத்திரத்தை நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் வகுத்தது. ஆலைகள் அதனோடு ஒப்பந்தம் செய்து சூத்திரத்தைப் பெற்றன. ஆனால் சூத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. மருந்து கலக்கும் அறையில் அளவு தவறாமல் பார்ப்பதும், எத்தனை பேர் எங்கே உட்கார வேண்டும் என்ற விதியைக் காப்பதும் தினமும் அங்கே நிற்கும் போர்மேன்களின் வேலை. நிபுணரின் அறிவு அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பலன்.

கால்பந்து கிளப்புக்கும் இரண்டு பாதைகளும் திறந்திருக்கின்றன. நிபுணரை வரவழைக்கலாம், அல்லது தன் உதவிப் பயிற்சியாளரை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் உரிமப் படிப்புக்கு அனுப்பலாம். இரண்டிலும் உள்ள ஆபத்து, கற்றவர் வேறு கிளப்புக்குப் போய்விடுவதுதான். 2022-ல் சேது எஃப்.சி.யை லீகில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்த கிறிஸ்பின் சேத்ரி, பிறகு ஒடிசா எஃப்.சி.க்குச் சென்று 2023–24-ல் பட்டம் வென்றார். 2025-ல் இந்திய மகளிர் அணிக்கே தலைமைப் பயிற்சியாளரானார். நல்ல பயிற்சியாளரை யாரும் கட்டிவைக்க முடியாது. அவர் இருக்கும்போதே பயிற்சித் திட்டங்களும் ஆட்டக்காரர்களின் உடல்தகுதிப் பதிவுகளும் கிளப்பின் சொத்தாகச் சேர வேண்டும்.

எப்போது அழைக்கலாம்?

ஆக, வெளி ஆலோசகரை அமர்த்தலாமா என்ற கேள்விக்கு விடை, கிளப் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மைதானம், சம்பளம், பிசியோ, முழுநேரப் பயிற்சியாளர் ஆகிய நான்கும் இல்லாத கிளப், ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் இவற்றில் போடுவதே சரி. இவை இருந்தும் ஏதோ ஓர் இடத்தில் அணி தொடர்ந்து தடுமாறுகிறது என்றால், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் நிபுணரை அழைக்கலாம். கார்னரில் கோல் வாங்குகிறோம், கடைசி இருபது நிமிடத்தில் கால் தளர்கிறது, கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி இல்லை என்பது போன்ற குறிப்பான குறைகளுக்கு அவர்களால் பலன் கிடைக்கும். 'அணியை முன்னேற்றித் தாருங்கள்' என்ற பொதுவான வேண்டுகோளுக்குக் கிடைப்பது பொதுவான பதில்தான்.

அழைக்கும்போது ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் இடம்பெற வேண்டும். வேலை தொடங்கும் முன்பு நிலைமை என்ன என்பதற்கு எண் கணக்கு எடுக்க வேண்டும்; பார்வையாளர் மாடத்திலிருந்து செல்போனில் எடுத்த வீடியோக்களே இதற்குப் போதும். ஆலோசகர் தலைமைப் பயிற்சியாளரின் சம்மதத்தோடு வர வேண்டும். அவர் தலைக்கு மேல் வந்தால் ஆட்டக்காரர்கள் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டுபட்டுப் போவார்கள். கிளப்பின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் முதல் நாளிலிருந்தே அவரோடு இருந்து கற்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்குப் புரியும் தமிழில் பயிற்சிமுறை எழுதி வாங்கப்பட வேண்டும். பருவ முடிவில் மறுபடியும் அதே கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் முன்னேற்றம் தெரிந்தால், அடுத்த பருவத்தில் அந்த வேலையை உள்ளூர்ப் பயிற்சியாளர் தானே நடத்த முடிகிறதா என்பது கடைசிச் சோதனை. முடிந்தால் செலவழித்த பணம் கிளப்பின் சொத்தாக மாறிவிட்டது. முடியாமல் ஆண்டுதோறும் அதே ஆளை அதே குறைக்காக அழைக்க வேண்டியிருந்தால், அவரை ஆலோசகராக வைத்துக்கொள்வதைவிட ஊழியராக அமர்த்திவிடுவது சிக்கனம்.